ஆள் விட்டுச் சொன்னது

மூன்று மஞ்சள் பள்ளிக்கூட பஸ், நூற்றி நாற்பத்திரண்டு பேர், நானூறு மீன் ரோல். மூன்றுக்கும் திரேசம்மாதான் பொறுப்பு.

ரோலைப் பற்றி அவளுக்குக் கவலை இருக்கவில்லை. தவக்காலமாகையால் இறைச்சி கிடையாது. தகரத்தில் அடைத்த ரின் மீனையும் உருளைக்கிழங்கையும் மிளகு தூக்கலாகப் பிரட்டி, மாவைத் தோசைபோல மெல்லிசாக ஊற்றி எடுத்து, அதில் வைத்துச் சுருட்டி, முட்டையில் தோய்த்து, ரஸ்க் தூளில் உருட்டிச் சனிக்கிழமை முழுக்கப் பொரித்தாள். மொன்றியலின் செயின்ட்-மிஷேல் பகுதியில் பிறந்தநாள், முதல் நன்மை, சாமத்தியச் சடங்கு எதுவானாலும் அவளுடைய ரோல் இல்லாமல் ஒப்பேறாது. பஸ்காரனும் சொன்ன சொல் தவறாதவன். நூற்றி நாற்பத்திரண்டு பேரைப் பற்றியோ கவலைப்பட எதுவுமே இல்லை என்று நினைத்தாள். அறுபத்தொரு வீடு ஏறி இறங்கி, அவளே கையைப் பிடித்துக் கையெழுத்து வாங்கிய ஆட்கள் அவர்கள். அந்தக் கணக்கில் அவளும் அவள் புருஷன் யோசெப்பும் அடக்கம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வரப்போகும் மாகாணத் தேர்தலுக்குப் புதுக்கட்சியின் வேட்பாளர் யார் என்று அந்தக் கட்சி உறுப்பினர்கள் வாக்குப் போட்டுத் தெரிவு செய்யும் நாள். ஞானேந்திரன் நிற்கிறான். ஏழு வருடமாக அந்தப் பகுதியின் மாகாணசபை உறுப்பினன் அவன். ஆனால் வென்றது பழைய கட்சியில். போன நவம்பரில் அதைவிட்டுப் புதுக்கட்சிக்குத் தாவிவிட்டான். தாவினவன் இனி அங்கேயும் சனத்தின் வாக்கில்தான் கால் ஊன்ற வேண்டும். "நூற்றி நாற்பது வாக்கு என்ரை பொறுப்பு தம்பி, நீர் யோசியாதையும்" என்று திரேசம்மா சொல்லியிருந்தாள். அவள் வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான் என்று ஊரே அறியும். அவளுக்கென்று அந்த ஊரில் இருந்த சொத்தும் அது ஒன்றுதான்.

பதினொரு வருடத்துக்கு முன்னர் அவன் முதல்முதலாகத் தேர்தல் கேட்டபோது அவனை யாருக்கும் தெரியாது. கழுத்துப்பட்டி கட்டத் தெரியாத, பதினொரு வயதில் அகதியாக வந்து, பிரெஞ்சிலே வெளுத்து வாங்குகிற ஒரு பொடியன். செயின்ட்-மிஷேலின் மாடி வீடுகளுக்கு வெளியாலே இரும்புப் படிகள் வளைந்து வளைந்து ஏறும். பனிக்காலத்தில் அதில் ஏறுகிறவனுக்கு உயிர்மேல் ஆசை இல்லை என்று அர்த்தம். அவன் அத்தனையும் ஏறினான். முன்னால் திரேசம்மா, பின்னால் அவன். வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றி, ஓட்டைச் சொக்ஸோடு உள்ளே வந்து, தேத்தண்ணி வாங்கிக் குடித்து, "நான் இன்னாற்றை மகன், உங்கட வாக்குக் கேட்டு வந்தனான்" என்று சொன்னான். அந்த முறை தோற்றான். அடுத்த இரண்டு முறையும் வென்றான். பிறகு வசதியானவர்கள் குடியிருக்கும் டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் வீடு வாங்கிக்கொண்டு போனான். அதை யாரும் குறையாகச் சொல்லவில்லை. பிள்ளை குட்டிக்காரன், வசதியாக இருக்கட்டும் என்றார்கள்.

அவன் கட்சி மாறிய சேதி திரேசம்மாவுக்கு வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். அவள் வேலை செய்வது ஒரு பெரிய லோண்டறியில். டவுன்டவுன் ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளெல்லாம் அங்கேதான் வந்து வெளுத்து, உலர்ந்து, இஸ்திரியாகிப் போகும். அன்று பத்தரை மணி இடைவேளையில் ஒரு ஹெயிட்டிக்காரி ஃபோனை நீட்டினாள். நாலு நிமிட வீடியோ. ஞானேந்திரன் புதுக்கட்சித் தலைவருக்குப் பக்கத்தில் நின்று பிரெஞ்சில் மூன்று நிமிடமும் இங்கிலீசில் ஒரு நிமிடமும் பேசினான். தமிழில் வணக்கம்கூட இல்லை. மேசையைச் சுற்றியிருந்த அத்தனை தமிழ்ப் பெண்களும் வீடியோவைப் பார்க்காமல் திரேசம்மாவின் முகத்தைப் பார்த்தார்கள்.

"எனக்கு முதலே தெரியும்" என்றாள் திரேசம்மா. "தம்பி வந்து எல்லாம் சொன்னவர்."

அது முழுப் பொய். மூன்று நாள் கழித்துத்தான் அவன் அவளுக்கு ஃபோன் எடுத்தான். அதுவும் காரில் போய்க்கொண்டே. அவள் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. "செய்யிறதைச் செய்யும், நான் இருக்கிறன்" என்று சொல்லிவிட்டாள். அப்படிச் சொன்ன வாயால்தான் தைப்பொங்கல் கழிந்த கையோடு உறுப்பினர் ஃபாரங்களைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் படி ஏறினாள்.

அந்த மாசியில் ஒருநாள் பனி கொட்டும், மறுநாள் அது இறுகிக் கண்ணாடியாகும். காலை ஆறு மணி முதல் இரண்டு மணிவரை லோண்டறி. வீட்டுக்கு வந்து இரண்டு வாய் சோறு. நாலு மணிக்குப் படி ஏறத் தொடங்கினால் ஏழு மணிவரை ஏறுவாள். முழங்கால் இரண்டும் வீங்கிப்போயின. யோசெப் இஞ்சித் தைலம் தேய்த்துவிடுவார். தேய்க்கும்போது ஒன்றும் சொல்லமாட்டார். பொதுவாகவே அவர் கதை குறைந்த மனுஷன், லோண்டறியின் லொறி ஓடுகிறவர், தெருவோடுதான் அவருக்குப் பேச்சு.

ஒரு வீட்டிலும் யாரும் மாட்டேன் என்று சொல்லவில்லை. தேத்தண்ணி வந்தது, பலகாரம் வந்தது, ஃபாரத்தில் கையெழுத்தும் வந்தது. ஆனால் எல்லா வீட்டிலும் ஒரு கேள்வியும் வந்தது. ஐந்தாம் ஒழுங்கையில் மூன்றாம் மாடியில் இருக்கும் நீக்கிலாப்பிள்ளையர் கேட்டதுபோல வேறொருவரும் கேட்கவில்லை. அவர் கதவைத் திறந்து அவளைப் பார்த்தார். பிறகு அவள் தோளுக்கு மேலாகப் படியைப் பார்த்தார்.

"தம்பி கீழ நிக்கிறாரோ?"

"இல்லை ஐயா. அவருக்குக் கனக்கக் கூட்டம். நான் அவருக்காகத்தான் வந்தனான்."

"ஓ" என்றார் அவர். இன்னும் ஒருமுறை படியை எட்டிப் பார்த்தார். "சரி, உள்ள வா பிள்ளை. நீ இந்தக் குளிருக்குள்ள இவ்வளவு தூரம் ஏறி வந்தாப்போல வெறுங்கையோட அனுப்பேலுமே."

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். திரேசம்மாவுக்கு மகிழ்ச்சி. அந்தச் சொற்களுக்குள் என்ன இருந்தது என்று அவள் நின்று யோசித்திருந்தால் மீதி முப்பது வீட்டுக்குப் போயிருக்கமாட்டாள்.

லோண்டறியில் அவளோடு சோடியாக நிற்பவள் அல்போன்சம்மா. திரேசம்மாவின் வீட்டுக்கு நேர் கீழே முதல் மாடியில் குடியிருப்பவளும் அவள்தான். இஸ்திரி மெசின் ஒரு பெரிய சூடான உருளை. விரிப்பின் இரண்டு மூலையை ஒருத்தியும் மற்ற இரண்டை மற்றவளும் பிடித்து, ஒரே நேரத்தில் உள்ளே கொடுக்க வேண்டும். ஒருத்தி முந்தினால் துணி கோணிவிடும். பன்னிரண்டு வருடமாக இருவரும் ஒரு விரிப்பையும் கோணவிட்டதில்லை. ஒருநாள் கை வேலையில் இருக்கும்போதே அல்போன்சம்மா, தம்பி ஒருக்கா வந்து முகத்தைக் காட்டினால் நல்லது திரேசு என்று சொன்னாள். அந்த ஹெயிட்டிப் பிள்ளை ரெஜின் நேற்று வந்துபோனதையும் சொன்னாள். ரெஜின் என்பவள்தான் ஞானேந்திரனுக்கு எதிராக நிற்பவள், கார்டெரி என்கிற குழந்தைகள் காப்பகத்தில் பிள்ளை பார்க்கிறவள், ஒன்பது வருடமாகப் புதுக்கட்சிக்குச் சுவரொட்டி ஒட்டியவள். அவளுக்குத் தமிழ் தெரியாது, அல்போன்சம்மாவுக்குப் பிரெஞ்சு "bonjour"-க்கு மேலே போகாது. ஆனாலும் அந்தப் பிள்ளை சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து இருந்து, நெஞ்சிலே கையை வைத்துத் தன் பெயரைச் சொல்லிவிட்டுப் போனதாம். தேத்தண்ணிக்கு இஞ்சி கூடிப்போய் அதற்குக் கண்ணால் தண்ணி வந்ததாம். திரேசம்மா சிரித்தாள். அந்தப் பிள்ளைக்கு எங்கட வாக்கு எங்கால வரப்போகுது என்று கேட்டாள். அல்போன்சம்மா அடுத்த விரிப்பின் மூலையை எடுத்து நீட்டினாள்.

ஞாயிறு பூசை முடிந்த கையோடு பஸ்கள் மாதா கோவில் வாசலுக்கு வந்தன. பங்குனி வெயில் பனியை இளக்கி, தெருவெல்லாம் கறுப்புச் சேறாகிக் கிடந்தது. முருகன் கோவிலுக்குப் போகிறவர்களும் மாதா கோவிலுக்குப் போகிறவர்களும் கலந்து ஏறினார்கள். ஒருவர் குறையவில்லை. தொண்ணூறு வயதை எட்டும் நீக்கிலாப்பிள்ளையரைக்கூட இரண்டுபேர் கைலாகு கொடுத்து இறக்கிக்கொண்டு வந்தார்கள். திரேசம்மா பட்டியலில் பெயர் பெயராகக் கீறிக்கொண்டு வந்து நூற்றி நாற்பத்திரண்டாவது பெயராக யோசெப்பின் பெயரைக் கீறியபோது, அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. என்ரை சனம் என்று நினைத்தாள்.

வாக்கெடுப்பு ஒரு பள்ளிக்கூட விளையாட்டு மண்டபத்தில். மூன்று மேசை, மூன்று பெட்டி. முதல் இரண்டும் பழைய உறுப்பினர்களுக்கு. மூன்றாவது, தைப்பொங்கலுக்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு. அந்த மூன்றாவது மேசையின் பட்டியல் முழுவதும் திரேசம்மா கொண்டுபோய்க் கொடுத்த ஃபாரங்கள். ஞானேந்திரன் கோட்டோடு வந்து அவளைக் கட்டிப்பிடித்தான். சனத்தைப் பார்த்துக் கும்பிட்டான். சனமும் கும்பிட்டது. அவன் பேசியபோது கைதட்டியது. ரெஜின் பேசியபோதும் கைதட்டியது, மரியாதைக்குத்தானே என்று திரேசம்மா நினைத்தாள்.

மறைப்புக்குள்ளே போனபோது அவளுக்கு ஒன்று நடந்தது. அட்டை மறைப்பு, நூலில் கட்டிய பென்சில், இரண்டே பெயர். பதினொரு வருடமாக ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து விட்டிருக்கிறாள், தானும் போட்டிருக்கிறாள். ஆனால் அன்றைக்குப் பென்சிலைப் பிடித்ததும், அந்த லோண்டறி மேசையும் ஹெயிட்டிக்காரியின் ஃபோனும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. பிறகு ஞானேந்திரனின் பெயருக்கு நேரே கீறிவிட்டு வெளியே வந்தாள்.

நாலரை மணிக்கு எண்ணி முடித்தார்கள். ஒரு கட்டை மனுஷன் ஒலிவாங்கியைப் பிடித்து முதற்பெட்டியை வாசித்தான். இரண்டாவதையும் வாசித்தான். இரண்டும் சேர்ந்து ஞானேந்திரனுக்கு நூற்றி ஐம்பது, ரெஜினுக்கு நூற்றி முப்பத்தைந்து. ஞானேந்திரனின் ஆட்கள் எழும்பியே விட்டார்கள். மிச்சம் இருப்பது மூன்றாவது பெட்டி, அது திரேசம்மாவின் பெட்டி. அவன் மேடையில் இருந்தபடி அவளைப் பார்த்துச் சிரித்தான். அவளும் சிரித்தாள்.

மூன்றாவது பெட்டி. ஞானேந்திரன், ஒன்பது. ரெஜின், நூற்றி முப்பத்து மூன்று.

மாறி வாசித்துவிட்டான் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். வாசித்தவனும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், தாளைத் திருப்பிப் பார்த்து, பக்கத்தில் நின்றவளிடம் காட்டி, மறுபடி வாசித்தான். ஒன்பது. நூற்றி முப்பத்து மூன்று. மண்டபத்தின் மறுபக்கத்தில் ஹெயிட்டிச் சனத்தின் கூச்சல் கிளம்பியது. ரெஜின் முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். இந்தப் பக்கத்தில் நூற்றி நாற்பத்தொரு பேரும் மடியில் கையை வைத்துக்கொண்டு, பூசையில் இருப்பதுபோல இருந்தார்கள். ஒருவர் மற்றவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. தாங்களும் இப்போதுதான் அறிந்தோம் என்பதுபோல அவர்களுடைய முகமும் திகைத்துக் கிடந்தது. யாரும் யாரோடும் பேசி வைத்துச் செய்யவில்லை என்பது அந்த முகங்களைப் பார்த்தாலே தெரிந்தது.

திரேசம்மாவுக்கு முதலில் வந்தது கோபம் இல்லை, வெட்கமும் இல்லை. ஒருமுறை, பிறந்த ஊரான பாசையூர்க் கடலில் காற்று ஒரு சொட்டும் இல்லாத நாளில் தண்ணி தானாக எழும்பி வந்ததைச் சின்ன வயதில் கண்டிருக்கிறாள். அன்றைக்குப் போலத்தான் உடம்பு புல்லரித்தது. இவர்களை எனக்குத் தெரியும் என்று நினைத்தேனே என்று நினைத்தாள். இன்னொன்றும் அவளுக்கு அப்போது உறைத்தது. அவள் படி ஏறாமல் இருந்திருந்தால், இந்த மூன்றாவது பெட்டியே இருந்திராது. அவன் பதினைந்து வாக்கால் வென்றிருப்பான். அவனைத் தோற்கடித்த நூற்றி முப்பத்து மூன்று பேருக்கும் வாக்குரிமையை வீடு தேடிப் போய்க் கொடுத்தவள் அவள்தான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ரோல் பெட்டியைத் திறந்தார்கள். எல்லாரும் சாப்பிட்டார்கள். மிளகு அளவாக இருக்கிறது என்று ஒரு பெண் சொன்னாள். ஆறினபிறகும் மொறுமொறுப்புப் போகவில்லை என்று இன்னொருத்தி சொன்னாள். நீக்கிலாப்பிள்ளையர் இறங்கும்போது திரேசம்மாவின் தலையைத் தொட்டு, வடிவாச் சாப்பிட்டுப் படு பிள்ளை என்று சொல்லிவிட்டுப் போனார். வேறொரு கதையும் இல்லை.

வீட்டுக்கு வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. யோசெப் கேத்திலை வைத்தார். அவள் கோட்டைக் கழற்றாமல் குசினி மேசையில் இருந்தாள்.

"இஞ்சாருங்கோ" என்றாள். "ஒன்பதுக்குள்ள நீங்கள் இருக்கிறியளோ?"

யோசெப் தேயிலையைப் போட்டு மூடிவிட்டுத் திரும்பினார்.

"இல்லை."

கலியாணமாகி முப்பத்து நாலு வருடம். பக்கத்து ஆசனத்தில் இருந்து பஸ்ஸில் வந்த மனுஷன். முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்ட மனுஷன்.

"தைலம் தேய்க்கேக்குள்ள ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே. நான் ஏன் இந்தப் படியெல்லாம் ஏறினனான்?"

"நீ கேக்கேல்லை."

"அவர் கட்சி மாறினது உங்களுக்குப் பிடிக்கேல்லையோ?"

"மாறுறது அவற்றை விருப்பம். நானும்தான் மூண்டு ஃபாக்டரி மாறினனான். ஒவ்வொரு முறையும் முதலாளிக்கு முன்னால போய் நிண்டு, ஐயா, நான் போறன், இன்ன காரணம் எண்டு சொல்லிப்போட்டுத்தான் வெளிக்கிட்டனான். அந்த இத்தாலிக்காரன் என்னைத் தூஷணத்தால பேசினவன். பேசட்டும். ஆனால் நான் சொல்லாமல் வரேல்லை."

எங்கள் சனத்தின் வழக்கம் அது. கலியாணமோ, வீடு குடிபுகுதலோ, நாடுவிட்டுப் போவதோ, வீட்டுக்கு வந்து சொல்ல வேண்டும். அழைப்பிதழைத் தபாலில் போட்டால் கலியாண மண்டபத்தில் ஆளில்லாத கதிரைகள்தான் இருக்கும். ஆள் விட்டுச் சொன்னால் அது அதைவிட மோசம், சொல்ல மறந்தவனை மன்னிக்கலாம், சொல்ல வர மனமில்லாதவனை எப்படி மன்னிப்பது? "சொல்லேல்லை" என்ற ஒரு வார்த்தைக்காக இருபது வருடமாக முகம் பாராத அண்ணன் தம்பிகள் இதே மொன்றியலில் இருக்கிறார்கள். திரேசம்மாவுக்குத் தெரியாத வழக்கம் இல்லை. தெரிந்துகொண்டுதான் அவள் அறுபத்தொரு வீட்டுக்கும் போய், அவன் வரவில்லை என்பதைத் தன் வாயாலேயே சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

"அப்ப எனக்காகவெண்டாலும் போட்டிருக்கலாமே" என்றாள்.

யோசெப் கோப்பையை அவள் முன்னால் வைத்துவிட்டு எதிர்க் கதிரையில் இருந்தார்.

"உனக்காகத்தான் போடேல்லை. நவம்பரில அண்டைக்கு லோண்டறியால வந்து வெங்காயம் வெட்டினனீ. நாலு இறாத்தல். அண்டைக்கு வீட்டில ஒரு சமையலும் இல்லை. கண்ணில தண்ணி ஏனெண்டு நான் கேட்டனானே? கேக்கேல்லை. பதினொரு வருசம் படி ஏறின உனக்கே சொல்லாமல் போன ஆளுக்கு, நான் ஏன் போடவேணும்?"

அவள் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் தேற்றவில்லை. எழும்பிப்போய் அவளுடைய கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு வந்து, மறுபடி எதிரே இருந்தார்.

திங்கட்கிழமை லோண்டறியில் கை வழமைபோல வேலை செய்தது. மூலையைப் பிடி, விரி, கொடு. பத்துப் பதினைந்து விரிப்புப் போனபிறகு அல்போன்சம்மாதான் தொடங்கினாள்.

"கோவமோ திரேசு?"

"இல்லையக்கா. ஒண்டு மட்டும் கேக்கிறன். எனக்கு அவர் முதலே சொன்னவர் எண்டு நான் அண்டைக்குச் சொன்னனான்தானே. நீங்கள் நம்பினனீங்களோ?"

அல்போன்சம்மா விரிப்பை உள்ளே விட்டுவிட்டு அவளைப் பார்த்தாள். "அந்த மேசையில இருந்த ஒருத்தரும் நம்பேல்லை. உன்ரை முகம் வெளிறிப்போய்க் கிடந்தது. நீ அவற்றை மானத்தை மறைக்கப் பொய் சொன்னனீ. அதுக்குப் பிறகு அதே ஆளுக்காக அந்த ஐஸுக்குள்ள எங்கட வாசலில வந்து நிக்கிறாய். உனக்கு இல்லையெண்டு எப்பிடிச் சொல்லுறது? கையெழுத்தைப் போட்டம். அது உனக்குத் தந்தது. மற்றது பெட்டிக்குள்ள போட்டது."

அப்போதுதான் ஒரு விரிப்புக் கோணியது. பன்னிரண்டு வருடத்தில் முதல்முறை. திரேசம்மாவின் கைதான் பிந்திவிட்டது. மெசினை நிறுத்தி, இழுத்து எடுத்து, மறுபடி விரித்தார்கள். தான் கொடுத்த வாக்கைச் சனம் காலில் போட்டு மிதித்துவிட்டது என்றுதான் முதல்நாள் பாதி இரவு அவள் நினைத்துக்கொண்டு கிடந்தாள். அவர்களோ அவள் பட்ட அவமானத்தைத் தங்களுடையதாக எடுத்து, நாலு மாதம் வாய்க்குள் வைத்திருந்து, நூலில் கட்டிய ஒரு பென்சிலால் எழுதிவிட்டு, வந்து ரோல் சாப்பிட்டிருக்கிறார்கள். இவ்வளவு பெரிய சங்கதியை இவ்வளவு சத்தமில்லாமல் செய்யத் தெரிந்த ஆட்களோடா இத்தனை காலமும் சீவித்தேன் என்று அவளுக்கு அதிசயமாக இருந்தது. அந்த அதிசயம் கிழமை முழுக்க அவளை விட்டுப் போகவில்லை. தெருமூலை டெப்பனர் கடையில் பால் வாங்க நின்றபோதும், முன்னால் நின்ற பெண்ணின் பின்தலையைப் பார்த்து, நீயும்தானே என்று மரியாதையோடு நினைத்தாள்.

சனிக்கிழமை உறைமழை பெய்தது. விழும்போது தண்ணி, விழுந்தபின் கண்ணாடி. மரக்கொப்புகளும் கம்பிகளும் படிகளும் ஒரே மினுக்கம். யோசெப் படிகளின் ஐஸைக் கரைக்க உப்பு வாளியோடு வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்பட்டது. திறந்தால் ஞானேந்திரன். கோட்டு இல்லை, கம்பளித் தொப்பியும் பழைய ஜாக்கெட்டும். தனியே வந்திருந்தான். சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து குசினியில் இருந்தான். அவள் கேத்திலை வைத்தாள்.

"அக்கா, சொல்லிப்போட்டுப் போவம் எண்டு வந்தனான்" என்றான்.

முதலில் இருந்து சொன்னான். பழைய கட்சியில் ஏழு வருடம் கேட்டும் செயின்ட்-மிஷேலுக்கு ஒரு மருத்துவ நிலையம் கிடைக்காததைச் சொன்னான். புதுக்கட்சிக்காரர் தருகிறோம் என்றதைச் சொன்னான். அதோடு ஒரு பெரிய பதவியையும் காட்டினார்கள் என்பதை, கோப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். ஆசைப்பட்டேன் என்றான். அவள் குறுக்கே பேசவில்லை. சொல்லி முடியத் தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது.

"உதை நவம்பரில வந்து சொல்லியிருக்கலாமே தம்பி?"

"உங்களிட்ட வந்து சொன்னா நான் மாறியிருக்கமாட்டன் அக்கா. உங்கட முகத்தைப் பாத்தா எனக்கு ஏலாது. அதாலதான் வரேல்லை."

அவளுக்கு அது விளங்கியது. விளங்கியதால் வலித்தது. "நான் உமக்குத்தான் போட்டனான்" என்றாள். "சரியெண்டு நினைச்சுப் போடேல்லை. பழகின கை போட்டுது. அந்த நூற்றி முப்பத்து மூண்டு பேரும் யோசிச்சுப் போட்டவை. அவையளுக்குத்தான் நீர் சொல்லவேணும்."

"ஓம் அக்கா. எல்லா வீட்டையும் போகவேணும் எண்டுதான் வந்தனான்." எழும்பினான். பழைய நாட்களைப் போல அவளுடைய கோட்டு மாட்டியிருந்த பக்கம் பார்த்தான். "வாறியளோ? நீங்கள் முன்னால போனால் எனக்கு..."

அவளுடைய கால் எழும்பத்தான் செய்தது. மேசையைப் பிடித்து இருந்துகொண்டாள்.

"இல்லைத் தம்பி. தனியப் போம்."

அவன் தலையை ஆட்டிவிட்டுச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு, கம்பியைப் பிடித்துப் பிடித்துக் கீழே இறங்கினான். கீழ்வீட்டுக் கதவு தட்டப்படும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. பிறகு அல்போன்சம்மாவின் குரல், வாங்கோ தம்பி, உள்ள வாங்கோ, குளிருது என்றது. கதிரை இழுபடும் சத்தமும் கேட்டது.

திரேசம்மா ஜன்னலுக்குப் போனாள். கீழே யோசெப் இருந்தார். தங்கள் படிக்கு உப்புப் போட்டு முடித்திருந்தார், அல்போன்சம்மாவின் வாசலுக்கும் போட்டிருந்தார். இப்போது வாளியைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்து, எதிர்ச் சாரியில், நீக்கிலாப்பிள்ளையரின் ஒழுங்கைக்குப் போகும் வழியில் இருந்த முதல் வீட்டுப் படிக்குப் போய், குனிந்து ஒரு பிடி உப்பை அள்ளித் தூவினார். அடுத்த வீட்டுப் படிக்கும் போனார். ஞானேந்திரன் இனி ஏறப்போகும் படிகள் அவை. மேலே நிமிர்ந்து பார்க்காமல், ஒவ்வொரு படியாக, மூலைவரைக்கும் அவர் தூவிக்கொண்டே போனார்.